மூன்று நிமிடத்தில் வாலாட்டும் நாய்

இரவு பதினோரு மணிக்கு மேல் படுக்கையில் கிடந்தபடி நான் பார்க்கும் வீடியோக்களுக்கு ஒரே கதைதான். சாக்கடை ஓரத்தில் ஒரு நாய் சுருண்டு கிடக்கும். உடம்பெல்லாம் சொறி, கண்ணில் பீளை. ஒரு கை மெதுவாக நீளும். நாய் முதலில் உறுமும், அப்புறம் நடுங்கும். பின்னணியில் பியானோ. அடுத்து குளியல், உடம்பிலிருந்து வழியும் கறுப்புத் தண்ணீர், மருத்துவரின் கையுறை, முன்னங்காலில் ஏறும் குளுக்கோஸ். பிறகு திரையில் எழுத்து வரும்: 'மூன்று வாரங்களுக்குப் பிறகு'. பளபளவென்று ஒரு நாய் புல்வெளியில் ஓடி வந்து கேமராவை நக்கும். மொத்தம் மூன்று நிமிடம். கொஞ்சம் அழுதுவிட்டு, மனசு லேசாகி, நான் தூங்கிவிடுவேன்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் நான்கு வருடங்களுக்கு முன் காப்பகத்திலிருந்து ஒரு நாயை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சிட்டு என்று பெயர். வந்த அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் போனவள் 19 நாட்கள் பகலில் வெளியே தலைகாட்டவில்லை. நாங்கள் எல்லோரும் தூங்கிய பிறகு வந்து சாப்பிடுவாள், நடைக்கூடத்தில் அசிங்கம் செய்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவாள். குனிந்து பார்த்தால் இருட்டில் இரண்டு கண்கள் தெரியும். கையை நீட்டினால் பல் தெரியும்.

பத்தாவது நாள் எனக்குக் கோபம் வந்தது. இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் மனதில் ஓடியது இதுதான்: இவ்வளவு செய்கிறேனே, கொஞ்சமாவது நன்றி வேண்டாமா? காப்பகத்தில் வேலை செய்யும் அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "கையை நீட்டாதம்மா. கட்டில் பக்கத்துல தரையில உக்காந்து ஏதாவது புத்தகம் படி. அவளைப் பாக்காத. அதான் முக்கியம். பாக்காத" என்றார்.

பார்க்காதே என்ற அந்தச் சொல் எனக்குள் மாட்டிக்கொண்டது. ஏனென்றால் விலங்குகள்மீது இரக்கம் காட்டுவது எப்படி என்று எனக்குச் சொல்லித்தந்ததெல்லாம் திரைதான். திரை எனக்குச் சொல்லித்தந்ததோ ஒன்றே ஒன்று, பார்ப்பது. அதற்குப் பிறகுதான் தொலைக்காட்சியிலும் பிரபலங்கள் வாயிலும் ஜீவகாருண்யம் எப்படி வருகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது, கேமரா விலங்கைவிட மனித முகத்தைத்தான் அதிகம் காட்டுகிறது என்பது. 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவை ஒட்டிய பகுதியில் சிசில் என்ற ஆண் சிங்கம் வேட்டையாடப்பட்டுச் செத்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிப் பல வருடங்களாகப் பின்தொடர்ந்த சிங்கம் அது. அமெரிக்காவின் இரவு நேர நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் அதைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்து, கண் கலங்கி, ஒரு கணம் நிறுத்திவிட்டு, அந்த ஆய்வுக் குழுவின் இணைய முகவரியைச் சொன்னார். ஒரே நாளுக்குள் சுமார் 1,50,000 டாலர் சேர்ந்தது. அந்த டிசம்பரிலேயே அமெரிக்க அரசு சிங்கங்களைத் தன் அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தது. வேட்டையாடிய சிங்கத்தின் தலை, தோல் போன்ற வேட்டைச் சின்னங்களை இறக்குமதி செய்வது கடினமானது. கிம்மலின் கண்ணீரை நான் நடிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையும் இல்லை இது. ஆனால் உலகம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த காட்சி எது? சிங்கம் நடந்ததை அல்ல, ஒரு மனிதர் தொண்டை அடைத்து நின்றதை. சிசிலுக்குப் பெயர் இருந்தது, கறுத்த பிடரி இருந்தது, சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்கள் இருந்தன. பெயரில்லாத சிங்கங்களுக்காக அந்த ஸ்டூடியோவில் யாருக்கும் தொண்டை அடைத்ததில்லை.

இதில் இன்னொரு வகை, குற்ற உணர்வை நேராக நெஞ்சில் இறக்கும் விளம்பரம். 2007இல் கனடாப் பாடகி சாரா மெக்லாக்லன் அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்காக நடித்தது இந்த வகையில் மிகப் பெயர் பெற்றது. கூண்டுக் கம்பிக்குப் பின்னால் ஒற்றைக் கண் நாய், ஒடுங்கிய பூனை, அவருடைய மெல்லிய குரலில் ஒரு பாட்டு. முதல் இரண்டு வருடத்துக்குள் சுமார் 3 கோடி டாலர் நன்கொடை வந்ததாகச் சொல்லப்பட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்த விளம்பரம் ஓடினால் தானே சேனலை மாற்றிவிடுவதாக மெக்லாக்லனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். என் அம்மாவும் அப்படித்தான். அடிபட்ட விலங்கு திரையில் வந்தால் "ஐயோ, மாத்து மாத்து" என்பார். அவருக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பார்க்க முடியாத அளவுக்கு இருப்பதால்தான் மாற்றச் சொல்கிறார். மூன்று கோடி டாலர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தைக் கண் முன்னாலிருந்து விரட்டுவதற்காகவே கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கொடுத்தால் சரி, காரணம் எதுவாக இருந்தால் என்ன என்றும் தோன்றுகிறது.

இவர்களுக்கு நேர் எதிரான ஒரு மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பாப் பார்க்கர். பொருட்களின் விலையைச் சரியாக ஊகித்தால் பரிசு என்ற பகல் நேர அமெரிக்க விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றை 1972 முதல் 2007 வரை, 35 வருடம் நடத்தியவர். அந்த நிகழ்ச்சிக்கும் விலங்குகளுக்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது. கார், குளிர்சாதனப் பெட்டி, குதித்துக் கூச்சலிடும் போட்டியாளர்கள். 1982 முதல் பார்க்கர் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரே மாதிரி முடிக்க ஆரம்பித்தார்: வளர்ப்பு விலங்குகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த உதவுங்கள், உங்கள் நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை செய்யுங்கள். அவ்வளவுதான். அழுகை இல்லை, கூண்டு இல்லை, பியானோ இல்லை. அடுத்த நாளும் அதே வரி, அடுத்த வருடமும் அதே வரி. 25 வருடம். சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்திருக்காதா என்று நினைக்கிறேன். கேட்டவர்களுக்கு நிச்சயம் அலுத்திருக்கும். கேலி செய்தவர்களும் ஏராளம்.

ஆனால் அந்த வரியில் இருப்பதைப் பாருங்கள். காப்பகத்தில் பத்து நாள் சும்மா போய் வந்தவர்களுக்குக்கூட இது தெரியும்: ஒரு நாயைத் தூக்கி வந்து கழுவித் துடைத்து வீடு பார்த்துக் கொடுப்பதற்குள் வாசலில் அட்டைப்பெட்டியில் ஆறு குட்டிகள் வந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை ஈனக்கூடிய ஒரு பெண் நாய்க்குச் செய்யும் ஓர் அறுவைச் சிகிச்சை, பிறக்காமலே போகும் எத்தனையோ குட்டிகளைச் சாக்கடையிலிருந்து காப்பாற்றுகிறது. பிறக்காத குட்டியைப் படம் பிடிக்க முடியாது. அதனால்தான் திரையில் மீட்புக் காட்சிகள் குவிகின்றன, கருத்தடை மட்டும் வருவதே இல்லை. மயக்கத்தில் கிடக்கும் நாய், வயிற்றில் நான்கு தையல், கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு. இதற்கு யார் 'லைக்' போடுவார்கள்? பார்க்கர் அந்த வறட்டு விஷயத்தைக் கார் பரிசுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் செருகிவிட்டார். விலங்குப் பிரியர்கள் மட்டும் பார்க்கும் நிகழ்ச்சியாக இருந்திருந்தால் ஏற்கெனவே தெரிந்தவர்களின் காதில்தான் விழுந்திருக்கும். இங்கே யார் யார் காதிலோ விழுந்தது. கட்டணம் குறைந்த கருத்தடை மையங்களுக்குப் பணம் கொடுக்க, மனைவி பெயரையும் தாய் பெயரையும் சேர்த்து ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். 1987இல், தான் இருபது வருடமாகத் தொகுத்து வந்த அழகிப் போட்டியில் ரோமத் தோல் கோட்டுகளைப் பரிசிலிருந்து எடுக்க மறுத்தார்கள் என்று அந்த வேலையை விட்டுவிட்டார். 2007இல் அவர் ஓய்வு பெற்றபோது புதிதாக வந்த டிரூ கேரியும் அதே வரியைச் சொல்லித்தான் நிகழ்ச்சியை முடித்தார். 2023இல் 99 வயதில் பார்க்கர் இறந்தார். பிரபலங்களில் விலங்குகளுக்கு அதிகம் செய்தவர் யார் என்று என்னைக் கேட்டால், அழுதவர்களை எல்லாம் விட்டுவிட்டு இந்த அலுப்பு மனிதரைத்தான் சொல்வேன்.

சரி, இதற்கு மறுபக்கம். அன்பைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு திரை நமக்குத் தவறாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்த முகங்கள்.

1964 முதல் 1967 வரை ஓடிய 'ஃபிளிப்பர்' தொடரில் ஒரு டால்பின் குழந்தைகளோடு விளையாடும், திருடர்களைப் பிடித்துக் கொடுக்கும், எப்போதும் சிரித்த முகமாக இருக்கும். அந்தப் பாத்திரத்தில் நடித்தவை பல டால்பின்கள். அவற்றைப் பிடித்துப் பழக்கியவர்களில் முக்கியமானவர் ரிக் ஓபாரி. படப்பிடிப்பு நடந்த நீர்நிலையின் ஓரத்திலேயே அவர் குடியிருந்தார். தொடர் ஒளிபரப்பாகும் நேரத்தில் நீளமான வயர் இழுத்து, தொலைக்காட்சிப் பெட்டியைப் படகுத்துறை விளிம்பில் வைத்து, ஃபிளிப்பரையே ஃபிளிப்பர் பார்க்கும்படி செய்வாராம். இதைப் படித்தபோது சிரித்தேன். தொடர் முடிந்து சில வருடங்களில் அந்த டால்பின்களில் ஒன்றான கேத்தி, தொட்டியில் அவர் கைகளிலேயே இறந்தது. டால்பின்கள் ஒவ்வொரு மூச்சையும் தாமே நினைத்துத்தான் இழுக்கின்றன. கேத்தி அடுத்த மூச்சை இழுக்க வேண்டாம் என்று முடிவு செய்தது என்றுதான் அவர் இன்றும் நம்புகிறார். அதற்குச் சில நாட்களுக்குள், 1970 ஏப்ரல் 22, முதல் புவி நாள் அன்று, பஹாமாஸின் பிமினித் தீவில் அடைபட்டிருந்த ஒரு டால்பினைத் திறந்துவிட முயன்று கைதானார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும், தான் வளர்த்துவிட்ட தொழிலை எதிர்ப்பதே அவர் வேலையாகிவிட்டது.

டால்பினின் தாடை அமைப்பே அப்படித்தான். வலித்தாலும், பசித்தாலும், செத்தாலும் அது சிரித்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு தலைமுறைக் குழந்தைகள் அந்தச் சிரிப்பை நம்பி, டால்பினைக் கட்டிப்பிடிக்க ஆசைப்பட்டு, டால்பின் காட்சிச் சாலைகளுக்கு வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரும் அன்பினால் நின்றவர்கள்.

இதே கதை வேறு வேறு உடலில் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய விளம்பரங்களில் சட்டை போட்ட சிம்பன்சி எல்லாப் பல்லும் தெரிய இளிக்கும், நாமும் சிரிப்போம். சிம்பன்சிகளிடம் அப்படிப் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் பயத்தின் அடையாளம். கொரில்லாவும் உராங்குட்டானும் அழியும் நிலையில் இருக்கின்றன என்று தெரிந்த பலருக்குச் சிம்பன்சியும் அப்படித்தான் என்று தெரியவில்லை, திரையில் அடிக்கடி பார்ப்பதால் ஏராளமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று 2008இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது.

2009 வாக்கில் இணையத்தில் ஒரு தேவாங்கு வீடியோ பரவியது. பெரிய கண்கள். யாரோ அக்குளில் கிச்சுகிச்சு மூட்ட, அது இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கிடக்கும். இன்னும் செய், இன்னும் செய் என்று கேட்பது போலவே இருக்கும். நானும் அதை நாலைந்து பேருக்கு அனுப்பியிருக்கிறேன். உண்மையில் அந்த இனத் தேவாங்கின் முழங்கை மடிப்பில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் சுரப்பு எச்சிலோடு கலந்தால் விஷம். ஆபத்து என்று தெரிந்தால், கடிக்கத் தயாராகக் கையைத் தூக்கிச் சுரப்பியை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுவரும். கிச்சுகிச்சுவுக்கு மகிழ்ந்ததாக நாம் நினைத்தது, தற்காப்பு. விற்பவர்கள் அதன் பற்களை முன்னதாகவே நறுக்கிவிடுவதால் கடிக்கவும் முடியாது. 2013இல் தாய்லாந்தின் புக்கெட்டில் பாடகி ரிஹானா ஒரு தேவாங்கோடு எடுத்த படத்தை வெளியிட்டார். அதைப் பார்த்த அதிகாரிகள், சுற்றுலாப் பயணிகளுக்குத் தேவாங்கு காட்டிக் காசு வாங்கிய இருவரைக் கைது செய்தார்கள். அதே வருடம் பாடகர் ஜஸ்டின் பீபர் ஒரு குட்டிக் குரங்கோடு மூனிச் விமான நிலையத்தில் இறங்கினார். உரிய ஆவணம் இல்லாததால் அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். அவர் திரும்ப வந்து கேட்கவில்லை. தாயோடு ஒட்டியிருக்க வேண்டிய வயதில் பிரிக்கப்பட்ட அந்தக் குட்டியைக் கடைசியில் ஜெர்மனியில் ஒரு விலங்குப் பூங்காவில் சேர்த்தார்கள். அந்த இனக் குரங்குகள் மனிதர் பராமரிப்பில் நாற்பது வருடம்கூட வாழும். பாடகரின் ரசிகர்களுக்கு அது ஒரு வாரச் செய்தி.

நாய்ப் படங்கள் வந்தால் நாய் விற்பனை கூடும் என்பது பலர் சொல்வது. 2014இல் வந்த ஓர் ஆய்வு இதைப் பதிவேடுகளை வைத்தே பார்த்தது. 1943இல் முதல் லாஸி படம் வந்த பின் இரண்டு வருடத்தில் கோலி (collie) இன நாய்ப் பதிவுகள் 40 சதவீதம் ஏறின. 1959இல் ஒரு சடைநாய் நகைச்சுவைப் படம் வந்த பிறகு பழைய ஆங்கிலச் செம்மறிநாய்ப் பதிவுகள் நூறு மடங்கு ஆயின. ஒரு படத்தின் தாக்கம் பத்து வருடம்கூட நீடிக்கலாம் என்றது ஆய்வு. (லாஸி கதையில் பெண் நாய். நடித்தது பால் என்ற ஆண் நாய். திரையில் பார்த்து நாய் வாங்கப் போகிறவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.) ஓநாய்கள் வரும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் ஓடிய வருடங்களில் ஓநாய் போலவே தோன்றும் ஹஸ்கி நாய்கள் வாங்கி, சமாளிக்க முடியாமல் காப்பகத்தில் விட்டுப்போவது கூடியது. அத்தொடரின் நடிகர் பீட்டர் டிங்க்லேஜ் 2017இல் ரசிகர்களிடம் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று: தயவுசெய்து ஹஸ்கி வாங்காதீர்கள், நாய் வேண்டுமென்றால் காப்பகத்திலிருந்து எடுங்கள்.

ஆனால் எல்லாக் கதையும் இப்படி இல்லை. ஒரு கோமாளி மீன் கார்ட்டூன் படம் 2003இல் வந்த பிறகு குழந்தைகள் கேட்டுக் கேட்டு அந்த மீனையே பவளப்பாறைகளிலிருந்து வழித்தெடுத்துவிட்டார்கள் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். 2019இல் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது அதற்குச் சரியான சான்று கிடைக்கவில்லை. அதன் இரண்டாம் பாகத்துக்குப் பிறகு இணையத்தில் தேடியவர்கள் கூடினார்கள், மீன் இறக்குமதி கூடவில்லை. ஆகவே நானும் வாயை அடக்கிக்கொண்டேன்.

படப்பிடிப்பிலேயே என்ன நடக்கிறது என்பது தனி விஷயம். 1939இல் வந்த ஒரு கௌபாய் படத்துக்காகக் குதிரையைப் பாறை விளிம்பிலிருந்து ஆற்றில் தள்ளினார்கள், குதிரை செத்தது. எழுந்த கண்டனத்தில்தான் 1940இல் அமெரிக்க ஹியூமேன் அமைப்பு ஹாலிவுட் படப்பிடிப்புகளைக் கண்காணிக்க ஆரம்பித்தது. படத்தின் முடிவில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று ஓடும் வரி அங்கிருந்து வந்தது. வரி வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2012இல் குதிரைப் பந்தயத்தைப் பற்றிய 'லக்' என்ற தொடரில் மூன்றாவது குதிரையும் இறந்த பிறகு ஹெச்பிஓ தொலைக்காட்சி தொடரையே நிறுத்தியது. கண்காணிப்பாளர்கள் கூடவே இருந்தும் அது நடந்தது.

1995இல் வந்த 'பேப்' படத்தில் ஒரே ஒரு பன்றிக்குட்டி. நடித்தவை 48. பன்றிக்குட்டிகள் வேகமாக வளர்ந்துவிடும், அதனால் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் படத்தில் நடித்துக்கொண்டிருக்கும்போதே நடிகர் ஜேம்ஸ் கிராம்வெல் விலங்கு உணவை முழுதாக விட்டார். பிறகு விலங்குகளுக்கான போராட்டங்களில் பலமுறை கைதும் ஆனார். நாமெல்லாம் ஒரே ஒரு பன்றியைப் பார்த்து உருகினோம், அவர் நாற்பத்தெட்டையும் பக்கத்திலிருந்து பார்த்தார். வித்தியாசம் அதிலேயே வந்துவிட்டதோ என்னவோ.

இயற்கை ஆவணப்படங்கள் மட்டும் யோக்கியம் என்று நினைத்திருந்தேன். 1958இல் டிஸ்னி எடுத்த 'ஒயிட் வைல்டர்னஸ்' படத்தில் லெம்மிங் என்ற சிறு கொறிவிலங்குகள் கூட்டம் கூட்டமாகப் பாறையிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும். ஆஸ்கர் வாங்கிய படம். 1982இல் கனடாத் தொலைக்காட்சி விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. விலைக்கு வாங்கி வந்த லெம்மிங்குகள். படம் பிடித்ததோ கடலே இல்லாத ஆல்பெர்ட்டா மாகாணத்தில். அவை குதிக்கவில்லை, தள்ளிவிடப்பட்டன. லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்வதே இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க அந்த உவமை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஈடாக ஒன்று சொல்கிறேன். படக்குழு இயற்கையில் தலையிடக் கூடாது என்பது இத்துறையின் பழைய விதி. 2018இல் பிபிசியின் 'டைனஸ்டீஸ்' தொடருக்காக அண்டார்டிகாவில் படம் பிடித்தவர்கள், பனிப்பள்ளத்தில் விழுந்து குஞ்சுகளோடு ஏற முடியாமல் தவித்த பேரரசப் பெங்குவின்களைப் பார்த்தார்கள். கேமராவைக் கீழே வைத்துவிட்டு, மண்வெட்டியால் பனியில் ஒரு சிறு சரிவுப் பாதை வெட்டினார்கள். பெங்குவின்களைத் தொடவில்லை, ஓட்டவில்லை. பாதையைப் போட்டுவிட்டு விலகினார்கள். சில பறவைகள் அதைக் கண்டுபிடித்து ஏறின. நான் பார்த்த இயற்கைக் காட்சிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2016இல் 'பிளானெட் எர்த் 2' தொடரில் பார்படாஸில் பொரித்த ஆமைக்குஞ்சுகள் நிலவொளி என்று நினைத்து நகர விளக்குகளை நோக்கிப் போய்ச் சாக்கடையில் விழும் காட்சி வந்தது. பார்த்தவர்கள் கொதித்தார்கள். கண்ணில் பட்ட ஒவ்வொரு குஞ்சையும் படக்குழு கடலில் கொண்டுபோய் விட்டதாகப் பிபிசி பிறகு சொன்னது. அப்படிக் கடலில் விட்ட காட்சி நிகழ்ச்சியில் இல்லை.

பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 1973இல், புகழின் உச்சத்திலேயே சினிமாவை விட்டார். 1977இல் கனடாவின் பனிப்பாளத்துக்கே போய் நின்று, வெள்ளைக் கடல்நாய்க் குட்டிகள் கொல்லப்படுவதை உலகத்தைப் பார்க்க வைத்தார். 1983இல் ஐரோப்பியச் சமூகம் அந்தக் குட்டித் தோல்களின் இறக்குமதியைத் தடை செய்தது. தன் நகைகளையும் உடைமைகளையும் ஏலம் விட்டு அறக்கட்டளைக்கு நிதி சேர்த்தார். இதே பார்தோவுக்கு, இன வெறுப்பைத் தூண்டும்படி எழுதியதற்காகப் பிரெஞ்சு நீதிமன்றங்கள் பலமுறை அபராதம் விதித்தன. கடல்நாய்க் குட்டியின் கண்ணைப் பார்த்துக் கரைந்த மனசு பக்கத்தில் குடிவந்த மனிதரைப் பார்த்துக் கரையவில்லை. ஊற்று ஒன்று திறந்தால் எல்லாத் திசையிலும் பாயும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாயாது போலிருக்கிறது.

இப்போது மறுபடி என் பதினோரு மணி வீடியோக்களுக்கு வருகிறேன். மலைப்பாம்பு சுற்றிய நாய்க்குட்டி, சரியான நேரத்தில் ஓடிவரும் ஒரு மனிதர், நிதானமாகக் காட்சியை அமைத்து அசையாமல் நிற்கும் கேமரா. பாம்பையும் குட்டியையும் சேர்த்து வைத்ததே அந்தக் கேமராக்காரர்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அச்சு அசல் அதுதான். 2021இல் யூடியூப் இப்படிப் போலியாக நடத்தப்படும் மீட்புகளுக்குத் தடை கொண்டுவந்தது. ஆனால் எனக்கு இன்னும் கண்ணில் படுகின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், கேமரா எப்போது வந்தது என்று மட்டும் பார்ப்பேன். ஆபத்துக்கு முன்பே கேமரா அங்கே இருந்தால், அந்த வீடியோவை மூடிவிடுவேன். எத்தனை குட்டிகளுக்கு நான் அழுததே அடுத்த குட்டி கிள்ளப்படுவதற்குக் காரணமாகியிருக்கும் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதற்காக நல்ல நிகழ்ச்சியே இல்லை என்று சொல்லவில்லை. பிரிட்டனில் 2012 முதல் பால் ஓ'கிரேடி நடத்திய நாய்க் காப்பக நிகழ்ச்சி இருக்கிறது. லண்டன் பேட்டர்சீ காப்பகத்தில் ஆறு நாள் படப்பிடிப்புக்கு என்று ஒப்புக்கொண்டு வந்தவர் ஆறு மாதம் இருந்துவிட்டாராம். அங்கிருந்து நாய்களைத் தன் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனார். அழுவார், ஆனால் அழுதுகொண்டே கூண்டு கழுவுவார், திட்டுவார், கேலி செய்வார், மலத்தைப் பற்றி நகைச்சுவை சொல்வார். 2023இல் இறக்கும்வரை அதை விடவில்லை. பியானோ அதிலும் உண்டுதான். இருந்தாலும் அவர் நாயைப் பார்க்கும்போது கேமரா எங்கே இருக்கிறது என்று அவருக்கு நினைவில்லாதது போலவே இருக்கும். அவருடைய சில பகுதிகளில் நாய் கடைசிவரை வாலாட்டாமலே, பயந்த முகத்தோடே புது வீட்டுக்குப் போகும். அதை வெட்டாமல் விட்டவருக்கு என் வணக்கம்.

சிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அக்கா சொன்னபடி பதினோராவது நாளிலிருந்து கட்டில் பக்கத்தில் தரையில் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தேன். பழைய மாத இதழ்கள், ஒரு துப்பறியும் நாவல். தினமும் ஒரு மணி நேரம். பார்க்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. கண் தானாகவே ஓரத்துக்குப் போகும். இழுத்துப் பிடித்துப் புத்தகத்தில் வைப்பேன். பதினைந்தாவது நாள் கட்டிலுக்கு அடியில் பெருமூச்சு ஒன்று கேட்டது. பதினேழாவது நாள் மூக்கு நுனி வெளியே வந்திருந்ததாக அம்மா சொன்னார், நான் பார்க்கவில்லை.

இருபதாவது நாள் நாவலில் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டிருந்தேன். காலின் சுண்டுவிரலில் ஈரமாக ஏதோ பட்டது. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. கை அந்தப் பக்கம் கொஞ்சம் போயும் போனது. ஈரம் சட்டென்று விலகியது. கையைத் திருப்பிப் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு அதே பத்தியை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எத்தனை தடவை படித்தேனோ, ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு முகவாய் என் பாதத்தின் மேல் முழு எடையோடு வந்து உட்கார்ந்தது. கால் மரத்துப்போகிறவரை நான் பக்கம் புரட்டவில்லை.